நான்கு படிகள் போதுமா?

ஐந்தாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தைகள் அனைவரும் அவ்வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லவர்கள் அல்லர். 2005ஆம் ஆண்டில் தொடங்கிய ‘அசர்’ ஆய்வு இதனைத் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளது. 2022ஆம் ஆண்டு ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களுள் இரண்டாம் வகுப்புத் தரத்திலுள்ள கதையை வாசிக்க முடிந்தவர்கள் 42.8 விழுக்காட்டினரே.

இவ்வாய்வின் கருவி மிக எளியது. எழுத்துகள், சொற்கள், ஒரு பத்தி, ஒரு கதை என நான்கு படிகள். குழந்தை முதலில் பத்தியை வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டால் கதைக்கு ஏறலாம். தடுமாறினால் சொல்லுக்கும், பின்னர் எழுத்துக்கும் இறங்க வேண்டும். சில நிமிடங்களில் நிலை தெரிந்துவிடும். வகுப்பைப் பாராமல் இந்நிலையின்படி குழுக்கள் அமைத்துக் கற்பிக்கும் முறையைப் ‘பிரதம்’ அமைப்பு வளர்த்தது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என வகைப்படுத்தியது. திறனுக்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்னும் கொள்கை சரியானதே.

ஆனால், இந்த அளவுகோல் தமிழுக்கு முற்றிலும் பொருந்துகிறதா? ‘மரம்’ என்று வாசிக்கத் தெரிந்த குழந்தை பத்தியில் ‘மரத்திலிருந்து’ என்பதைச் சந்திக்கிறது. ‘வீடு’ அங்கே ‘வீட்டுக்குள்ளேயும்’ ஆகிவிடுகிறது. உருபுகள் ஒட்ட ஒட்டச் சொல் நீள்கிறது. தெரிந்த சொல்லே உருமாறி நிற்கிறது. ஆகவே, தமிழைப் பொறுத்தவரை, சொல்லுக்கும் பத்திக்கும் நடுவே ஒரு படி விடுபட்டிருக்கிறது.

மற்றொரு குறையும் உண்டு. ஒரு குழந்தை ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றில் மயங்குகிறது. ஒலியில் மெய்க்குப் பின்வரும் உயிர், எழுத்தில் மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்பது இதற்கு ஒரு காரணம். இன்னொரு குழந்தைக்கு எல்லா எழுத்தும் தெரியும். எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துவிடுகிறது. இருவருமே பத்தியில் தடுமாறி ஒரே படியில் நிறுத்தப்படலாம். முதற் குழந்தைக்கு வேண்டியது உயிர்மெய்ப் பயிற்சி. அடுத்ததற்கு வேண்டியது எளிய வாக்கியங்களைப் பலமுறை உரக்க வாசிக்கும் வாய்ப்பு.

வெப்பமானி காய்ச்சல் உண்டு என்று சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அதற்காக அதனை நாம் எறிந்துவிடுவதில்லை. நாட்டின் நிலையை அறிய நான்கு படிகள் போதும். வகுப்பறையிலோ, குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்பதோடு எவ்விடத்தில் தடுக்கியது என்பதையும் ஆசிரியர் குறித்துக்கொள்ள வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் அளந்து பார்க்கவும் வேண்டும். இல்லையேல் ‘அரும்பு’ என்பது கடந்து செல்லவேண்டிய நிலையாக இராது. அக்குழந்தையின் பெயராகவே நிலைத்துவிடும்.