மேற்கோளுக்குப் பின்னால் நிற்பவர் யார்?

ஆங்கிலப் பேச்சில் ஷேக்ஸ்பியரையும் ராபர்ட் ஃப்ராஸ்டையும் துணைக்கு அழைப்பது வேரூன்றிய வழக்கம். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரப் புத்தக வணிகர் ஜான் பார்ட்லெட் 1855இல் வெளியிட்ட மேற்கோள் தொகுப்பு, இந்த நூற்றாண்டிலும் புதிய பதிப்புகள் கண்டிருக்கிறது.

இந்த வழக்கத்தின் பலம் உண்மையானது. நீட்டி விளக்க வேண்டியதை ஒரே வரி சொல்லிவிடும். பேசுபவரும் கேட்பவரும் ஒரே நூலை அறிந்தவர்களானால் நெருக்கமும் கூடும். துக்கம் விசாரிக்கப் போய்ச் சொந்தச் சொல் வராமல் தவிக்கும்போது கவிஞனின் சொல் கைகொடுக்கும்.

குறை எங்கே என்றால், பாத்திரத்தின் பேச்சை ஆசிரியரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில். ‘ஹாம்லெட்’ நாடகத்தில் பொலோனியஸ், பிரான்சுக்குப் புறப்படும் மகனுக்குக் கடனைப் பற்றியும் தனக்குத்தானே உண்மையாக இருப்பதைப் பற்றியும் அறிவுரை சொல்கிறார். பலரும் அதை ஷேக்ஸ்பியரின் வாழ்க்கை நெறியாகவே எடுத்தாளுகிறார்கள். ஆனால் அதே பொலோனியஸ், மகனை வேவு பார்க்கப் பணியாளைப் பாரிசுக்கு அனுப்புகிறார். உண்மையை வரவழைக்க மகன்மேல் சில்லறை அவதூறுகளைப் பரப்பவும் சொல்லிக்கொடுக்கிறார். இது தெரிந்தவருக்கு அந்த அறிவுரை வேறு மாதிரி ஒலிக்கும்.

ஃப்ராஸ்டின் ‘மெண்டிங் வால்’ கவிதைக்கும் இதே கதிதான். நல்ல வேலி நல்ல அயலாரை உருவாக்கும் என்ற கருத்தை அதில் சொல்பவர் பக்கத்து நிலத்துக்காரர். தந்தையிடமிருந்து கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார். கவிதையின் கதைசொல்லியோ, சுவர் எதற்கு என்று கேட்கிறார். 1995இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முடிந்துபோன வழக்குகளை நாடாளுமன்றம் சட்டம் போட்டு மீண்டும் திறக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதிகாரப் பிரிவினையை வலியுறுத்த, நீதிபதி ஸ்கலியா அந்த வேலி வாசகத்தை எடுத்தாண்டார். முடிவை ஏற்ற நீதிபதி பிரையர், அதே கவிஞர் சுவரைப் பற்றி எழுப்பும் எச்சரிக்கையையும் கவனிக்க வேண்டும் என்று தனியாக எழுதினார். கவிதையை முழுதாக அறிந்த ஒருவர் எதிரில் இருந்ததால், பாதி மேற்கோள் அங்கே முழுமை பெற்றது.

அப்படியானால் மூலம் அறியாமல் வாய் திறக்கவே கூடாதா? அவ்வளவு கடுமை வேண்டியதில்லை. ஷேக்ஸ்பியரிடமிருந்து வந்த எத்தனையோ தொடர்கள் பொதுமக்களின் மரபுத்தொடர்களாகிவிட்டன. அவற்றைத் தாராளமாகப் புழங்கலாம். ஆனால் ஒரு பெரிய பெயரைச் சொல்லி, அவரே சொல்லிவிட்டார் என்று வாதத்துக்குச் சான்று வைக்கும்போது பொறுப்பு கூடுகிறது. அங்கே சொன்னவர் யார், எந்தச் சூழலில் சொன்னார் என்று தெரிந்திருப்பதே நேர்மை.

ஆகவே சான்றாகக் காட்டுமுன் மூலத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். ‘மெண்டிங் வால்’ மொத்தமே 45 அடிகள்தான்.