மோகினியும் மாத்திரையும்

அரவானை மணக்கக் கிருஷ்ணன் நொடியில் மோகினியாகிறான். கூவாகம் ஆண்டுதோறும் கொண்டாடும் கதை இது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’வையும் ரேவதியின் ‘வெள்ளை மொழி’யையும் வகுப்பில் எடுக்கும்போதெல்லாம் கவனிக்கிறேன்: பேச்சு ‘நிர்வாணம்’ என்ற அறுவையிலேயே, அந்த ஒரு நாளிலேயே நின்றுவிடுகிறது. நம் விமர்சனங்களும் அப்படித்தான். பெண்ணாதலை ஒரு கணமாகவே வாசிக்கப் பழகிவிட்டோம்.

ஹார்மோன் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஈஸ்ட்ரோஜன் எடுக்கத் தொடங்கிய சில மாதங்களில் மார்பு வலியோடு மொட்டுக் கட்டும், தோல் மென்மையாகும், தசை குறைந்து இடுப்பில் கொழுப்புச் சேரும். மார்பு முழுதாக வளர 2, 3 ஆண்டுகள் ஆகும். உடைந்த குரல் மாறாது, தாடி முற்றிலும் போகாது. கருவளம் நிரந்தரமாகப் போய்விடவும் கூடும்.

ஆபத்தும் இந்த மெதுவான காலத்தில்தான் இருக்கிறது. மருத்துவரை அணுக முடியாத திருநங்கைகள் கருத்தடை மாத்திரைகளை அளவின்றி விழுங்குவதுண்டு. அவற்றிலுள்ள எத்தினைல் எஸ்ட்ரடையால் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். புகைப்பவர்களுக்கு இன்னும் அதிகம். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைத்தால் உயிரே போகலாம். அதனால்தான் முறையான சிகிச்சையில் அதைத் தவிர்த்து, ரத்தப் பரிசோதனைகளோடு எஸ்ட்ரடையால் தருகிறார்கள். பள்ளிப்பட்டு மாதிரி எல்லையோர ஊரில் மாத்திரை பக்கத்துக் கடையில். ஹார்மோன் மருத்துவருக்கோ சென்னைக்குப் பேருந்து ஏற வேண்டும்.

அதே மருந்து மாலா-டி என்ற பெயரில் நம் வீடுகளுக்கும் வந்ததுதான். நம்மில் எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள்? இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால், வித்யாவும் ரேவதியும் எழுதியதை நம் உடலின் கதையோடு சேர்த்து வாசிக்கலாம்.