மணியார்டரும் மானமும்

மார்சேய் துறைமுகத்திலே மூட்டை சுமந்தவர். வியட்நாம் மக்கள்மீது ஏவப்படவிருந்த படைக்கலங்களைக் கப்பலேற்றவிடாது தடுத்த வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர், செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன். எல்லை கடந்த தோழமையைத் தோளிலே பயின்ற அவர், பின்னாளில் திரைப்படம் எடுத்தார். அவற்றுள் இரண்டைச் சேர்த்துக் காணவேண்டும், தோழர்களே!

1968இல் வந்தது ‘மாண்டாபி’. மணியார்டர் என்பது அதன் பொருள். பாரிஸ் வீதியைக் கூட்டும் இளைஞன், டக்காரிலுள்ள மாமனுக்கு 25,000 பிராங்கு அனுப்புகிறான். தாய்க்கு 3,000, மாமனுக்கு 2,000, மீதி தன் சேமிப்பு. அஞ்சலகத்திலே பணம் இருக்கிறது, கைக்கு வரவில்லை. அடையாளச் சீட்டு எங்கே? பிறப்புச் சான்று எங்கே? எழுதப்படிக்கத் தெரியாத மாமன் அலைகிறான். இறுதியில், படித்த உறவினன் ஒருவன் அதிகாரப் பத்திரம் பெற்றுப் பணத்தை வாங்குகிறான். களவு போயிற்றென்று கைவிரிக்கிறான். ஒரு மூட்டை அரிசி தருகிறான்!

பறித்தது பணம், அளித்தது அரிசி. வளர்ச்சி உதவியென்று வல்லரசுகள் வழங்குவதும் பெரும்பாலும் இந்த மூட்டைதானே?

அந்த வினாவுக்கு 1992இல் ‘கெல்வார்’ விடையளிக்கிறது. வெளிநாட்டு உணவை நம்பி வாழ்வது இழிவென மேடையிலே முழங்கியவன் மாள்கிறான். கிறித்தவனான அவன் உடல் தவறுதலாக முஸ்லிம் இடுகாட்டில் புதைக்கப்பட, இரு மதத்தாரும் மோதுகின்றனர். பிணத்துக்கு மதம் பார்த்தவர்கள், பிச்சைக்கு மதம் பார்த்தனரா? முடிவிலே, இளைஞர்கள் உதவி மூட்டைகளைச் சாலையில் கொட்டுகின்றனர். சவவண்டி அதன்மேல் செல்கிறது.

பசித்தவனுக்குச் சோறிடுவது குற்றமா? அன்று! பசியை நிலைக்கவிட்டுச் சோற்றைக் காட்டிப் பணியவைப்பதே குற்றம். 2023இல் புலம்பெயர்ந்தோர் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளுக்கு அனுப்பியது 65,600 கோடி டாலர் என்கிறது உலக வங்கி. அரசுகள் அளித்த வளர்ச்சி உதவியைப்போல் அது இருமடங்குக்கும் மேல். ஆயினும் புகழ்மாலை யாருக்கு? கூட்டித் துடைத்தவனுக்கா? கொடையாளிக்கன்றோ!

செம்பேனிடமும் ஒரு குறை உண்டு. டக்காரில் உடலை விற்றுக் குடும்பத்தைக் காக்கும் மகளைப்பற்றிக் கெல்வார் சொல்கிறான்: பிச்சையெடுப்பதைவிட அது மேலாம்! தந்தையின் தன்மானத்துக்கு மகளா விலை? படம் இந்த வினாவை உரக்க எழுப்பியிருக்கவேண்டும். பெண்ணைப் பணயம் வைத்துப் பெறும் மானம் அரை மானமே.

எனினும் இப்படங்கள் நம் மன்றங்களில் காட்டப்படவேண்டியவை. மணியார்டரை மறிக்கும் கைகளை அகற்றினால், மூட்டைக்காக எந்தக் கையும் நீளவேண்டியதில்லை.