நீரோடு போகும் மிதவை

பெசன்ட் நகர் கடற்கரையில் நின்றால் அலை தெரியும், நீரோட்டம் தெரியாது. அதைக் காட்டித் தருவது, நங்கூரம் இல்லாமல் நீரோடு போகும் மிதவை. 1993-இல் தொடங்கப்பட்டு இன்று பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம், இத்தகைய மிதவையை இங்கேயே உருவாக்கி ‘பிரத்யு’ என்று பெயரிட்டது.

மேலே தெரிவது வெறும் பந்து. எனக்குப் பிடித்தது, இவ்வகை மிதவைகளின் அடியில் தொங்கும் துணிக்குழல்தான். உலகெங்கும் பின்பற்றும் வடிவத்தில் அதன் நடுப்பகுதி 15 மீட்டர் ஆழத்தில் நிற்கும். உடம்பெல்லாம் வட்ட ஓட்டைகள். பந்தை மட்டும் விட்டால் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். குழலோ நீரைப் பற்றிக்கொண்டு, நீர் போகும் பக்கமே பந்தையும் இழுக்கும். மோட்டார் இல்லை, துடுப்பு இல்லை. எவ்வளவு எளிய, எவ்வளவு கூர்மையான யோசனை! பந்துக்குள் இருக்கும் கருவி, போகிற வழியையும் நீரின் வெப்பத்தையும் செயற்கைக்கோளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

நம் கரையோர நீரோட்டம் கோடைக்கு முன்பே வடக்கே ஓடத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழையில் தெற்கே திரும்பும். பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர்க் குப்பத்து மீனவர்கள் வலை வீசியே அறிந்தது இது. மிதவை அதற்கு வேகமும் தூரமும் சேர்த்து எழுதுகிறது.

கடலில் இப்படியொன்றைக் கண்டால் கயிற்றை அறுக்காதீர்கள், படகில் ஏற்றாதீர்கள். அதை அதன் போக்கில் விடுங்கள்.