அரைக் கிலோ துவரம் பருப்பு

எனக்கு ஒரு விநோதமான வாசிப்புப் பழக்கம் உண்டு. மாதாமாதம் 12-ஆம் தேதி வாக்கில் மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் வெளியிடும் சில்லறைப் பணவீக்க அறிக்கையை முதலில் வாசிப்பேன். மறுநாள் அதைப் பற்றிய தமிழ்ச் செய்தியை வாசிப்பேன். மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மாதிரி.

2023 ஜூலையில் பணவீக்கம் 7.44 சதவீதம். தக்காளி ஆனை விலை விற்ற மாதம் அது. ஆகஸ்டில் 6.83. நான் வாசித்த செய்தி அதைச் 'சரிவு' என்றது. கணக்குப்படி தப்பில்லை. ஆனால் 6.83 என்றால், முந்தைய ஆகஸ்டில் 100 ரூபாய்க்கு வாங்கிய பொருட்கள் இப்போது கிட்டத்தட்ட 107 ரூபாய். இந்த வரி செய்தியில் இல்லை.

ஊருக்குப் போயிருந்தபோது அம்மா கேட்டார்: "தக்காளி இறங்குச்சு, சரி. பருப்பு எங்கடா இறங்குச்சு?"

"வண்டி 80-லேர்ந்து 70-க்கு வந்தாலும் முன்னாலதானம்மா போகுது" என்று விளக்கினேன். இன்ஜினியரிங் படித்த திமிர். அம்மா பதில் சொல்லவில்லை.

ரொம்ப நாள் கழித்து அவருடைய மளிகை நோட்டைப் புரட்டினேன். அப்பாவின் பென்ஷனுக்குள்ளேயே வீட்டை ஓட்டுவது அம்மாவின் பிடிவாதம். அந்த ஜூன் வரை 'து. பருப்பு 1 கிலோ'. அதற்கப்புறம் 'அரைக் கிலோ'. மாத மொத்தத்தில் பெரிய வித்தியாசமே இல்லை.

அப்போதைய குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு 45.86 சதவீதம். 2011-12 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்த கூடை அது. அதே கூடையை நிரப்ப இன்று எவ்வளவு ஆகும் என்பதுதான் அதன் கேள்வி. அவசியமான கேள்வி, அதற்காகக் கூடையை அசையாமல் வைத்திருக்க வேண்டும். அம்மாவோ கூடையையே சின்னதாக்கிவிட்டார்.

குறியீட்டிடம் எனக்குச் சண்டையில்லை. அது கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது. கேட்டிருக்க வேண்டியது செய்தி. கிலோ என்ன விலை என்று எல்லா நிருபர்களும் கேட்கிறார்கள். எத்தனை கிலோ வாங்கினீர்கள், போன மாதம் எத்தனை என்று கேட்பவர்கள் அபூர்வம். அதனால்தான் நம் விலைவாசிச் செய்திகளில் கடைக்காரர் பேசுகிறார், வல்லுநர் பேசுகிறார், சமையல்கட்டு பேசுவதில்லை.

இதைச் சொல்ல எனக்கு அவ்வளவு தகுதியும் கிடையாது. அந்த மாதங்களில் ஊருக்குப் போனபோதெல்லாம் அதே சாம்பாரைத்தான் சாப்பிட்டேன். ஏன் இவ்வளவு தண்ணியா இருக்கு என்று ஒருநாளும் கேட்கவில்லை.