சல்லடையும் தராசும்: திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி அட்டவணை பற்றி ஒரு திறனாய்வு

நம் ஊரின் பெயரைத் தாங்கி மருத்துவப் பாடநூல்களில் ஏறிய பொருள்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று ஒரே ஒரு தாள். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கி, 1991-இல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்ட வளர்ச்சிச் சோதனை அட்டவணைதான் அது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் வளர்ச்சி ஒழுங்காகப் போகிறதா என்று ஐந்து, ஏழு நிமிடத்தில் பார்த்துவிட இது உதவும்.

இலக்கியக் கட்டுரைகள் நிறைந்த சங்க மலரில் இதற்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். இந்த அட்டவணையால் அளக்கப்படுகிறவர்கள் நம்ம வீட்டுப் பிள்ளைகள். அதுவும் வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று வளர்கிற பிள்ளைகள். 'உங்க பிள்ளைக்கு வளர்ச்சி பத்தாது' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அன்று உலை கொதிக்காது. ஆகவே அந்த வார்த்தைக்கு எவ்வளவு எடை உண்டு என்று நிதானமாகப் பார்ப்பது நம் கடமை.

பருவம் பார்த்த மரபு

பிள்ளையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள் உண்டென்பது யாவரும் அறிந்ததே. மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழாம் மாதம் தால், ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதினோராம் மாதம் முத்தம், பதின்மூன்றாம் மாதம் வருகை என்று ஒற்றைப்படை மாதங்களில் வைத்துச் செல்லும் முறை பாட்டியல் மரபில் உண்டு. அத்தகைய பாட்டியல் நூலோருள் வெண்பாப்பாட்டியல் செய்த குணவீர பண்டிதர் எங்கள் சமண நெறியினர் என்பதில் எனக்கு ஒரு பெருமிதம் உண்டு.

ஆனால் பாட்டியல், புலவன் பாடுவதற்கு வகுத்த இலக்கணம்; பிள்ளையை அளப்பதற்கு வகுத்ததன்று. ஒன்பதாம் மாதம் கைகொட்டாத பிள்ளையைக் குறையுள்ளது என்று எந்தப் பாட்டியலும் சொல்லவில்லை. ஒரு கருவி எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்குத்தான் அது செல்லும். வளர்ச்சி உளவியலில் ஏற்புடைமை என்று சொல்வதன் சாரம் இதுதான். நம்பகம் என்பது வேறு: பத்துத் தடவை அளந்தாலும் ஒரே விடை வருவது நம்பகம். அந்த விடை நாம் கேட்ட கேள்விக்குத்தான் விடையா என்பது ஏற்புடைமை.

அட்டவணை பிறந்த கதை

அட்டவணையில் 17 கூறுகள் உள்ளன. முகம் பார்த்துச் சிரித்தல், கண்ணால் பென்சிலைத் தொடர்தல், தலை நிற்றல், புரளுதல், ஒரு கைப் பொருளை மறு கைக்கு மாற்றுதல், கைகொட்டுதல், தானே நடத்தல், இரண்டு வார்த்தை சொல்லுதல், பொம்மையின் உறுப்புகளைச் சுட்டிக்காட்டுதல் என்று போகும். கைகொட்டுதல் என்பது நம்முடைய சப்பாணியேதான். ஒவ்வொரு கூறுக்கும் ஒரு பட்டை. நூற்றில் மூன்று குழந்தைகள் அதைச் செய்யத் தொடங்கும் வயதில் பட்டை தொடங்கும். தொண்ணூற்றேழு பேர் செய்துவிடும் வயதில் முடியும். குழந்தையின் வயதுக்கு நேரே பென்சிலை நிமிர்த்தி வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்புறம் முடிந்துபோன கூறுகளில் ஏதாவது ஒன்றைக் குழந்தை செய்யாவிட்டால், தாமதம் இருக்கலாம் என்று கொள்ள வேண்டும். பெரிய சாமான் பெட்டி வேண்டாம். பேனா, சாவிக்கொத்து போன்றவையே போதும். அங்கன்வாடி ஊழியர் கையாளும்படி இவ்வளவு எளிமையாக ஒன்றைச் செய்தது பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. பாட்டியல் ஒரு மாதத்தைச் சொன்ன இடத்தில் இது ஒரு கால எல்லையையே காட்டுகிறது. அதுவும் நேர்மையான முன்னேற்றமே.

இந்தப் பட்டைகள் எங்கிருந்து வந்தன? அமெரிக்காவில் நான்சி பெய்லி 1969-இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று. அதைப் பரோடா பல்கலைக்கழகத்தில் பிரமீளா பாடக் அம்மையார் இந்தியக் குழந்தைகளுக்குப் பொருத்தி நெறியளவு கண்டார். அந்தப் பரோடா நெறியளவுகளிலிருந்தே நம் ஊர் அட்டவணை எடுக்கப்பட்டது. அதாவது குஜராத்துப் படியால் கேரளத்து அரிசியை அளக்கிறோம். அளக்கலாம், தவறில்லை. படி எந்த ஊர்ப் படி என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

கணக்குப் பார்ப்போம்

1991-இல் ஆய்வாளர்கள் இந்த அட்டவணையை டென்வர் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தாமதம் உள்ளவர்களில் நூற்றுக்கு 66.7 பேரை அட்டவணை பிடித்தது. தாமதம் இல்லாதவர்களில் நூற்றுக்கு 78.8 பேரைச் சரியாக விட்டுவிட்டது. எண்களை மறைக்காமல் வெளியிட்டது அவர்களுடைய நேர்மை. படிக்கிற நாம்தான் கணக்கை முழுதும் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆயிரம் குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். பேச்சுக்காக, அவர்களில் 30 பேருக்கு உண்மையாகவே தாமதம் என்று வைப்போம். அட்டவணை 20 பேரைப் பிடிக்கும். 10 பேரை விட்டுவிடும். மீதி 970 நல்ல பிள்ளைகளில் 764 பேர் தேறுவார்கள். 206 பேர் வீணாக மாட்டிக்கொள்வார்கள். ஆகப் பிடிபட்டவர்கள் 226 பேர். அவர்களில் உண்மையான தாமதம் 20 பேருக்குத்தான். பதினொருவரில் ஒருவர்கூட முழுசாக இல்லை.

இதே தாளை ஆஸ்பத்திரியில், எடை குறைந்து பிறந்த பிள்ளைகள் வரும் பிரிவுக்குக் கொண்டுபோவோம். அங்கே ஆயிரத்தில் 300 பேருக்குத் தாமதம் என்று வைத்தால், பிடிபடும் 348 பேரில் 200 பேர் உண்மையானவர்கள். பாதிக்கு மேல்! தாள் மாறவில்லை, பென்சில் மாறவில்லை. வார்த்தையின் எடை மட்டும் மாறிவிட்டது. ஆகவே ஏற்புடைமை என்பது தாளுக்குள் இருக்கும் குணம் அன்று. எந்த இடத்தில், யாரிடம், எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்பதில் இருக்கிறது அது.

இத்தனை பேர் வீணாக மாட்டுவது ஏன் என்பதற்கு அட்டவணையின் அமைப்பிலேயே ஒரு விடை உண்டு. ஒவ்வொரு கூறிலும் நூற்றுக்கு மூன்று பிள்ளைகள் இயல்பிலேயே பட்டையைத் தாண்டித்தான் வருவார்கள். நடையில் பிந்தும் மூவரும் பேச்சில் பிந்தும் மூவரும் ஒருவரேயாக இருக்க வேண்டியதில்லை. கூறுகள் கூடக் கூட, ஏதாவது ஒன்றில் மட்டும் பிந்துகிறவர்களின் தொகையும் கூடும்.

எடைக்கல்லுக்கு முத்திரை யார் போட்டது?

கடைத்தெருவில் ஒரு எடைக்கல் சரியா என்று பார்க்க இன்னொரு கடைக்காரர் கல்லை வைத்துப் பார்த்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முத்திரை இட்ட கல் வேண்டும். நம் அட்டவணையை நிறுத்துப் பார்க்க வைத்த டென்வர் சோதனையும் ஒரு முதற்கட்டச் சோதனைதான். ஃபிராங்கன்பர்க், டாட்ஸ் என்ற இருவர் 1967-இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்து 1036 குழந்தைகளைக் கொண்டு உண்டாக்கியது. தாமதமுள்ள பலரை அது தவற விடுகிறது என்று அங்கேயே குறை எழுந்து, 1992-இல் திருத்திய பதிப்பு வந்தது. ஆக 66.7 என்ற எண் உண்மையோடு ஒப்பிட்ட எண் அன்று. இன்னொரு சல்லடையோடு ஒப்பிட்ட எண். விரிவான முழுச் சோதனையோடு ஒப்பிட்டிருந்தால் அந்த எண்ணுக்கு உறுதி கூடியிருக்கும்.

இன்னொன்று. ஒரே நாளில் இரண்டு சோதனையையும் வைத்து ஒப்பிடுவது ஒரு வகை. இன்று பிந்திய பிள்ளை ஆறு வயதில் எப்படி இருக்கிறது என்று பின்தொடர்ந்து பார்ப்பது வேறு வகை. பெற்றோர் கேட்கிற கேள்வி இரண்டாவதுதான்: 'பிற்பாடு சரியாயிடுமா டாக்டர்?' அதற்கு ஒருநாள் ஒப்பீடு விடை தராது. அதே குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பார்த்தால்தான் தெரியும். தமிழகத்தில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அப்படிப்பட்ட பணியைச் செய்தது. எட்டு நாடுகளில் நடந்த ஒரு கூட்டாய்வின் பகுதியாக 2010 முதல் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். செலவும் பொறுமையும் மிகுதியாக வேண்டிய வேலை அது.

காதும் செவியும்

இனி நம் வீட்டுக்கு வருவோம். பதினேழு கூறுகளில் பல, மொழி தேவைப்படாதவை. தலை நிற்பதற்குத் தமிழ் ஏது, மலையாளம் ஏது? ஆனால் கடைசியில் வரும் பொம்மைக் கூறைப் பாருங்கள். 'பாவயுடெ செவி எவிடெ?' என்று அங்கன்வாடி டீச்சர் அன்போடு கேட்பார். கரமனையிலோ சாலைத் தெருவிலோ 'காது எங்கே, கண்ணு எங்கே' என்று கேட்டு வளர்ந்த குழந்தை முழிக்கும். பாவையும் செவியும் பழைய தமிழ்ச் சொற்களே. வள்ளுவருக்குச் செவி தெரியும். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் காதுதானே தெரியும்! அங்கே அளக்கப்பட்டது பிள்ளையின் அறிவா, பிள்ளைக்கு வாய்த்த சொல்லா? வீட்டில் பொம்மையே இல்லாத பிள்ளைக்கும், மாடிப்படி இல்லாத வீட்டில் படியேறிக் காட்டச் சொன்ன பிள்ளைக்கும் இதே கேள்வி பொருந்தும். 'இரண்டு வார்த்தை' என்பதிலும் ஒன்று தமிழும் ஒன்று மலையாளமுமாக இருந்தால் இரண்டு என்றே எண்ண வேண்டும்.

பேச்சு வளர்ச்சிக்கென்றே இதே மையத்தார் பின்னாளில் தனி அளவுகோல் செய்தார்கள். மூன்று வயது வரைக்குமான அது 33 கூறுகள் கொண்டது. 2013-இல் வெளிவந்த அதன் முடிவில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. ஒரு கூறில் பிந்தினாலே தாமதம் என்று வைத்தால், குறையுள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 96 பேர் பிடிபடுகிறார்கள். குறையில்லாதவர்களில் சுமார் 78 பேரே தேறுகிறார்கள். இரண்டு கூறில் பிந்தினால்தான் தாமதம் என்று வைத்தால், பிடிபடுவோர் சுமார் 67 ஆகக் குறைந்து, தேறுவோர் சுமார் 95 ஆக உயர்கிறார்கள். கண் நெருக்கமான சல்லடை, கண் அகன்ற சல்லடை, அவ்வளவுதான். எது வேண்டும் என்பதைக் கணிதம் சொல்லாது. ஒரு பிள்ளையைத் தவறவிடுவது கொடிதா, ஒரு தாயை வீணாகக் கலங்கவைப்பது கொடிதா என்று மனிதர்தாம் தீர்மானிக்க வேண்டும்.

என் துணிபு

சமணத்தில் ஒரு பொருளை ஒரு பக்கம் மட்டும் பார்த்து 'இதுவே' என்று முடிப்பதை ஏகாந்தம் என்று விலக்குவார்கள். இந்த அட்டவணை சொல்வதும் 'ஒருவகையால் தாமதம்' என்பதே. அதை 'தாமதமே' என்று திரித்துக்கொள்வது நம் பிழை. அட்டவணை ஒரு நல்ல சல்லடை. அதைத் தராசு என்று நினைத்தால்தான் கேடு. சல்லடையில் நின்றதை எல்லாம் கல் என்று எறிபவரும் இல்லை. விழுந்ததை எல்லாம் பார்க்காமல் உலையில் போடுபவரும் இல்லை.

ஆகவே நம் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியது இது. தாமதம் என்று எழுதித் தந்தால் கலங்காமல், ஆனால் தள்ளிப்போடாமல், முழுச் சோதனைக்குப் போங்கள். தேறிவிட்டது என்று சொன்ன பின்னும் பெற்றவள் மனது ஒப்பவில்லையென்றால் அப்போதும் போங்கள். தவறிய பத்துப் பேரில் ஒன்றாக நம் பிள்ளை இருக்கலாம். 'நம்ம குடும்பத்துல எல்லாரும் லேட்டாத்தான் பேசினோம்' என்று பாட்டி சொல்வது ஆறுதலுக்கு ஆகும், சோதனைக்கு ஆகாது. மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளையென்றால் முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்தே வயதைச் சொல்லுங்கள். வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்பதை முதலிலேயே தெரிவித்து, உறுப்புப் பெயர்களைத் தமிழிலும் கேட்கச் சொல்லுங்கள்.

ஆய்வாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: குழந்தையின் வயதைக் குறிப்பது போல வீட்டு மொழியையும் குறித்து, அதன்படி முடிவுகளைப் பிரித்துக் காட்டினால் நல்லது. நம் சங்கத்தாலும் ஆகிற காரியம் ஒன்று உண்டு. பிள்ளைகள் வீட்டில் கேட்கும் தமிழ்ச் சொற்களை, மலையாளச் சொல்லுக்கு நேரே ஒரு பக்க அளவில் அச்சிட்டு, தமிழர் மிகுந்து வாழும் பகுதிகளின் அங்கன்வாடிகளுக்குக் கொடுக்கலாம். செலவு அதிகமில்லை. காது என்று கேட்டால் தொட்டுக்காட்டும் பிள்ளை, செவி என்று கேட்டதால் மட்டும் குறையுள்ள பிள்ளையாகிவிடக் கூடாது.