சந்நிதியில் சோறு, லாச்சப்பலில் பாராமுகம்

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு இரண்டு வகைத் தமிழர்கள் வருகிறார்கள். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் வழிவந்தவர்கள் ஒரு சாரார். எண்பதுகளில் போருக்குத் தப்பி வந்த ஈழத்தவர்கள் இன்னொரு சாரார்; கடைகளில் பெரும்பாலானவை இவர்களுடையவை. இருவரும் வாங்குவது அதே அரிசி மூட்டை, அதே முருங்கைக்காய். கையேந்தி நிற்பவரைக் கடந்து போவதில்தான் வித்தியாசம் தெரிகிறது.

எனக்குத் தெரிந்த புதுச்சேரிக்காரர் ஒருவர் நடையை நிறுத்தாமல், முகம் பார்க்காமல் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டுப் போவார். "சில்லறை இருந்தா போட்டுட்டுப் போயிடணும் சார், நின்னா மனசு கெட்டுடும்" என்பது அவர் கட்சி. இந்தியத் தெருவில் படிந்த பழக்கம் அது. சென்னை சிக்னலில் கைக்குழந்தையோடு ஒரு பெண் கார்க் கண்ணாடியைத் தட்டுவாள். உள்ளே இருப்பவர் போனைப் பார்த்தபடி பச்சை விளக்குக்குக் காத்திருப்பார். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கண்ணோடு கண் சந்திப்பதில்லை.

யாழ்ப்பாணத்தவர் காசு போடவே யோசிப்பார். "அண்ணை, ஒருக்காக் குடுத்தா நாளைக்கும் வந்து நிப்பான்" என்று கடைப் பெடியன் எச்சரிப்பான். அவனே தாயின் ஆண்டுத் திவசத்துக்குத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதிக் கோயிலில் நூறு பேருக்குச் சோறு போடப் பணம் அனுப்புவான். அங்குள்ள முருகனுக்கு 'அன்னதானக் கந்தன்' என்றே பெயர். பிள்ளையின் பிறந்தநாள் என்றால் ஊரிலுள்ள முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு. சோறும் பருப்பும் பாயாசமும், பின்சுவரில் பிள்ளையின் படம், வரிசையாக உட்கார்ந்திருக்கும் கிழவிகள்: எல்லாம் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் வந்துவிடும்.

இலங்கையில் தானம் நாள் பார்த்து நடக்கிறது. சிங்கள ஊர்களில் வெசாக் பண்டிகைக்கு எல்லோருக்கும் இலவசமாகச் சோறு போடும் தன்சலும் அப்படித்தான். அன்று கார்க்காரரும் கூலியாளும் ஒரே வரிசையில் நின்று சோறு வாங்குவார்கள். வாங்குபவர் கூசவேண்டியதில்லை. இந்த அழகு எனக்குப் பிடிக்கும். சிக்கல் என்னவென்றால், நாளும் இடமும் பெயரும் கொடுப்பவருடையவை. பசிக்கு ஏது திதி? 1877இல் யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்த ஆறுமுக நாவலர் யாருடைய திவசத்தையும் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு, 1867இல், வள்ளலார் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

தமிழ்நாட்டில் பின்னாளில் அரசே கரண்டியைக் கையில் எடுத்தது. 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2002இல் கோயில்களில் அன்னதானத் திட்டம், 2013இல் ஒரு ரூபாய் இட்லியோடு அம்மா உணவகம். இவை பெரிய காரியங்கள். குறை சொல்ல நா எழவில்லை. ஆனால் 'அதுதான் அரசாங்கம் போடுதே' என்று நடைபாதையைக் கடக்க நமக்கு ஒரு சாக்கும் கிடைத்துவிட்டது.

சட்டமும் இரு நாட்டிலும் ஏழையைக் குற்றவாளியாகவே பார்த்தது. இலங்கையில் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம்; சென்னை மாகாணத்தில் 1945இல் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம். பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கிய பிரிவுகளை டெல்லி உயர்நீதிமன்றம் 2018இல்தான் தலைநகரில் செல்லாதென்றது. பிரான்ஸ் 1994இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பிச்சையைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தது.

லாச்சப்பலில் மாணிக்க விநாயகர் தேர் வரும் நாளைப் பாருங்கள். தெரு நெடுகத் தேங்காய்க் குவியல், மஞ்சள் நீர், கடை வாசல்தோறும் சர்பத்தும் கடலையும். வழிப்போக்கரான பிரெஞ்சுக்காரருக்கும் சூடான் அகதிக்கும் கேள்வியில்லாமல் கோப்பை நீளும். அந்த ஒரு நாளில் நாம் தன்சல்காரர்கள். மற்ற நாட்களில்? 2015 ஜூனில் மெட்ரோ மேம்பாலத்தின் கீழிருந்த அகதிகளின் கூடாரங்களைப் போலீஸ் அகற்றும்வரை, பல மாதங்கள் நாம் அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் கொத்துரொட்டி வாங்கப் போனோம். நம்மில் பலர் அகதியாக இதே ஊரில் வந்திறங்கியவர்கள் என்பது அப்போது யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

இரண்டு ஊர்ப் பழக்கத்திலும் கெட்டதை மட்டும் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டோம் என்பேன். இந்தியாவிலிருந்து பாராமுகம், இலங்கையிலிருந்து நாள் பார்க்கும் வழக்கம். சந்நிதிக்கு அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த திவசத்தில் பத்துச் சோற்றுப் பார்சலை இந்தத் தெருவுக்கும் ஒதுக்குங்கள். குளிரில் யாராவது படுத்துக் கிடந்தால் 115ஐ அழையுங்கள். வீடற்றோருக்கான அவசர எண் அது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. சில நேரம் இணைப்புக்குக் காத்திருக்க வேண்டிவரும்.